எங்க பக்கம் நாலு கம்பி

சுடுது. தண்ணிக்குள்ள நின்னும் சுடுது. கணுக்கால்கூட முழுசா நனையாத தண்ணி, மதுரை வெயில்ல வெந்நீராகிக் கிடக்குது, பக்கத்து வீட்டு ராக்கு அத்தையோட புதுத் தளத்து மேல, பாத்தி பாத்தியா. சேவுகன் கொத்தனார் களிமண்ணைக் குழைச்சு வரப்பு கட்டி, கீரை விதைக்கப்போற மாதிரி பிரிச்சு, ஒவ்வொரு பாத்தியிலயும் தண்ணி நிறுத்தியிருக்கார். பச்சைத் தளம் தண்ணி குடிச்சுத்தான் இறுகுமாம். காயவிட்டா வெடிப்பு விடுமாம், அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகுமாம். அதனால ஒரு ஆள் பார்த்துக்கிட்டே இருக்கணும், குறையக் குறைய ஊத்தணும். அந்த ஆள் நான். ஏன் நான்? ராக்கு அத்தையும் எங்கம்மாவும் கடன் சங்கக் கூட்டத்துக்குப் போயிட்டாங்க. மாமா மார்க்கெட்டுக்கு லோடு இறக்கப் போயாச்சு. அவங்க மக தீபிகாவுக்குக் காலேஜ்ல பரீட்சை. பதினொண்ணாம் வகுப்பைப் பாதியில விட்டவளுக்கு என்ன சோலி இருக்கப்போகுது? "நாகு, சும்மாதானடி இருக்க, ரெண்டு வாளி ஊத்திவிடு ஆத்தா"ன்னு ராக்கு அத்தை சொன்னாங்க. சும்மாதானடி. அந்த ஒரு சொல்லு நான் ஏணி ஏறும்போது கூடவே ஏறி வந்துச்சு, இன்னும் இறங்கலை. சும்மா இருக்குறவ வீட்டுக் கூரை ஒழுகுது. அவ, ஒழுகவே ஒழுகாத தளத்துக்கு உச்சி வெயில்ல நின்னு தண்ணி காட்டுறா. நல்லா இருக்குல்ல? எனக்கு நல்லா இல்லை. பொறாமையான்னு கேட்டா ஆமா. பொறாமைதான். இதைச் சொல்ல எதுக்கு வெட்கப்படணும்? பசிக்குதுன்னு சொல்றதில்லையா?

இங்கிருந்து பார்த்தா எங்க வீட்டுக் கூரை தெரியுது. பிறந்ததுலேர்ந்து அதுக்குக் கீழேதான் படுத்திருக்கேன், மேலேர்ந்து பார்த்ததே இல்லை. இவ்வளவு கேவலமா இருக்கும்னு தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, வெடிச்ச இடத்துல எல்லாம் தார் அப்பி, அது பறக்காம இருக்க ஒரு சைக்கிள் டயர், உடைஞ்ச ஆட்டுக்கல்லு, அதுக்கு மேல அம்மா எங்கிருந்தோ வாங்கிட்டு வந்து விரிச்ச ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையும் பொண்ணும் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. யார் எவர்னு தெரியாது. மாப்பிள்ளை நெத்தியில காக்கா எச்சம். இவங்களுக்குக் கீழேதான் நாங்க சோறு திங்கிறோம். மழைன்னா மாப்பிள்ளை காதுப் பக்கமா ஒழுகும்போல, அங்கதானே நான் குண்டான் வைப்பேன். தீபிகா இனிமே இங்க நின்னு துணி காயப்போடுவா. காயப்போட்டுக்கிட்டே கீழ பார்ப்பா. பார்த்துட்டு ஒண்ணும் சொல்லமாட்டா, அவ அப்படித்தான், நல்லவ. அதுதான் எரிச்சல். ஒரு தடவையாவது "உங்க வீடு என்னடி இப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருப்பேன். இந்த ஓரத்துல, ஏணிக்குப் பக்கத்துப் பாத்தியில, தண்ணிக்கு அடியில அவ பேரை விரலால எழுதியிருக்கா. சிமெண்டு ஈரமா இருக்கும்போது எழுதினது. தீபிகா. சுழி போட்ட 'தீ' ஆடி ஆடித் தெரியுது. குனிஞ்சு, கையால தண்ணியை விலக்கி, பக்கத்துல வேற ஏதாவது பேர் இருக்கான்னு பார்த்தேன். இல்லை. ஏன் இருக்கணும்? நான் அன்னைக்கு இல்லவே இல்லையே. இருந்தாலும் பார்த்தேன்.

எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரே சுவர்தான் இருந்துச்சு. மண்ணுல கட்டின செங்கல் சுவர். அந்தப் பக்கம் மாமா இருமினா இந்தப் பக்கம் எங்கம்மா "மதினி, அவருக்குச் சுக்குத் தண்ணி வச்சுக் குடு"ன்னு படுத்துக்கிட்டே சொல்லும். அடுப்புக்கு மேல ஒரு கல்லு ஆடும், அதை உருவிட்டு தீபிகா புளியங்காய் தருவா, நான் உப்பு தருவேன். அந்தச் சுவரை இடிச்சுட்டாங்க. இடிச்சு, ரெண்டு ஓரத்துலயும் கான்கிரீட் தூண் எழுப்பி, புதுச் சுவர் வச்சு, ரெண்டு பக்கமும் பூசியாச்சு. இப்ப அந்தப் பக்கம் என்ன பேசுறாங்கன்னு ஒண்ணும் கேக்கலை. முந்தாநாள் காதை வச்சுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். இவங்க கடன் வாங்கினது தளத்துக்குன்னு சொல்றாங்க, எனக்கு என்னமோ இந்தச் சுவருக்குத்தான் வாங்கின மாதிரி இருக்கு. எங்க சத்தம் கேக்காம இருக்க. நாங்க சண்டை போடுறது, அம்மா மூக்கைச் சிந்துறது, ஒழுகுற குண்டான் டொக்கு டொக்குன்னு... சீ, தண்ணி. மூணாவது பாத்தி வத்துது. நடுவுல தளம் வெளுத்துத் திட்டா எட்டிப் பார்க்குது. இறங்கி, டிரம்முல மோந்து, ஏணியில ஏறணும். ஏறுறேன். இரு. ஏறத்தான் போறேன். கொஞ்ச நேரம் வத்தினா செத்தா போகும்?

சங்கத்து சார் எங்க வீட்டுக்கு வந்தது ஞாபகம் வருது, வேண்டாம்னாலும் வருது. வீட்டைச் சரிபண்ணக் கடன் தர்றாங்கன்னு சொன்னதும் எங்கம்மாதான் அவங்க குழுவுல இருக்குற அஞ்சு பேர்ல முதல்ல கையைத் தூக்கிச்சாம். சார் வந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தார், தோள்ல பை, கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே. உள்ள வந்து மேல பார்த்தார். ஷீட்டு ஓட்டையில வெயில் விழுந்து அவர் சட்டையெல்லாம் காசு காசா வட்டம். அம்மா அதைப் பார்த்துட்டு, "எங்க வீட்டுல பகல்லயே நட்சத்திரம் சார்"னு சொல்லிச்சு. அவர் சிரிச்சார். அப்புறம் சுவர்ல விரலை வச்சுச் சுரண்டினார், மண்ணு கொட்டுச்சு. "அக்கா, இந்தச் சுவரு தும்மினாலே விழுந்துரும். தளம் போடணும்னா நாலு மூலையிலயும் தூண் எழுப்பணும். எங்க கடனுக்கு அது அடங்காதுக்கா. வேணும்னா புது ஷீட்டு மாத்தித் தர்றோம்"னார். அதுக்கும் அம்மா சிரிச்சுச்சு. ஏன் சிரிக்குது? யாராவது இல்லைன்னு சொல்லும்போது எதுக்குச் சிரிக்கிறது? அங்கிருந்து அவர் ராக்கு அத்தை வீட்டுக்குப் போனார். அவங்க வீடும் அதே மண்ணுதான், அதே வாய்க்கால் கரைதான். ஆனா மாமாவுக்கு யூனியன் கார்டு இருக்கு, ரெண்டு சம்பாத்தியம், பெரிய கடனா அவங்களுக்கு அடங்கிருச்சு. எங்கப்பா திருப்பூர் போனவர், போனவர்தான். இதுல உச்சம் என்னன்னா, அஞ்சு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். ராக்கு அத்தை கட்டலைன்னா எங்கம்மா கட்டணும். அதாவது இந்தத் தளத்துக்கு எங்கம்மாவும் பொறுப்பு. ஒழுகுற வீட்டுக்காரி ஒழுகாத வீட்டுக்கு ஜாமீன். "எப்படிம்மா கையெழுத்துப் போட்ட?"ன்னு கத்தினேன். "நாளைக்கு நமக்கு அவ போடுவாடி"ன்னுச்சு. நாளைக்கு. எங்கம்மாவோட நாளைக்கெல்லாம் சேர்த்து வச்சிருந்தா இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்.

தளம் போட்ட அன்னைக்குத் தெருவே திரண்டுச்சு. இந்தச் சந்துல மிஷின் நுழையாது, அதனால தெருமுக்குலேர்ந்து வரிசையா நின்னு கலவைச் சட்டியைக் கைமாத்தணும். யார் வீட்டுல தளம் போட்டாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிக்கணும், அது இங்க பழக்கம். எங்க வீட்டுலேர்ந்து அம்மா நின்னுச்சு. நான் காலையிலயே சித்தி வீட்டுக்கு ஓடிட்டேன், வயித்துவலின்னு சொல்லிட்டு. அங்க போய் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். இருட்டினப்புறம் வந்தா, ராக்கு அத்தை எனக்குன்னு பிரியாணிப் பொட்டலம் எடுத்து வச்சிருக்காங்க, பெரிய பீஸா பார்த்து. தூக்கி எறியணும்னுதான் இருந்துச்சு. தின்னேன். நல்லா இருந்துச்சு, அதுக்கும் கோபம் வந்துச்சு. அன்னைக்கு அம்மா கையெல்லாம் சிமெண்டு அரிச்சு, தேங்காண்ணெய் தடவிக்கிட்டே ஏதோ சொல்ல வந்துச்சு, தூணு கம்பின்னு என்னமோ. நான் போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டேன். "அவங்க வீட்டுக் கதை எனக்கு வேண்டாம்"னேன். அதுக்கப்புறம் அம்மா அந்தப் பேச்சை எடுக்கலை. நானும் கேக்கலை. கேட்டா அந்தத் தளம் இன்னும் கொஞ்சம் பெருசாகிற மாதிரி ஒரு பயம். பயம்தான். தீபிகா பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், இந்த வீட்டுக்கு மேல இன்னொரு வீடு ஏத்தி, ஒரு நாள் என்கிட்ட வந்து, ரொம்ப அன்பா, "நாகு, எங்க வீட்டுல வேலைக்கு ஒரு ஆள் வேணும்"னு... ச்சீ. அவ அப்படிக் கேக்கமாட்டா. கேக்கமாட்டான்னு தெரியும். தெரிஞ்சும் அவ குரல்லயே காதுல கேக்குது. யாரும் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தலை. நானாத்தான் நின்னேன். கெமிஸ்ட்ரி பிடிக்கலை. அதைக்கூட யார் மேலயும் போட முடியலை.

வாளியோட எங்க பக்கத்து ஓரத்துக்கு வந்தேன். ஓரத்துல சாக்கு போட்டு மூடியிருக்கு. சாக்கு காய்ஞ்சு விறைச்சிருந்துச்சு, நனைக்கலாம்னு தூக்கினா, அடியில கம்பி. தளத்தோட விளிம்புலேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு, நாலு கம்பி. ரெண்டு தூணுக்கு நேரா, ரெண்டு ரெண்டா. எங்க வீட்டு மேல. அந்தக் கல்யாண மாப்பிள்ளை நெஞ்சுக்கு நேரா. கீழேர்ந்து பார்த்தா எங்க ஷீட்டு மறைக்கும், தெரியாது. கம்பி விட்டிருக்காங்கன்னா என்ன அர்த்தம்னு இந்தத் தெருவுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னும் கட்டப் போறாங்கன்னு அர்த்தம். மேல நீட்டி விட்டா மேல கட்டப் போறாங்க. பக்கத்துல நீட்டி விட்டா? பக்கத்துல யார் வீடு இருக்கு? எங்க வீடு. எங்க கூரைக்கு மேல, எங்க வெளிச்சத்துக்கு மேல, வராண்டா இழுக்கப் போறாங்க. கேட்டாங்களா? யாரைக் கேட்டாங்க? ஆம்பளை இல்லாத வீடு, சிரிக்கிற பொம்பளை ஒண்ணு, சும்மா இருக்குற பொண்ணு ஒண்ணு, யாரைக் கேக்கணும்? அதுக்குத்தான் பிரியாணி. அதுக்குத்தான் பெரிய பீஸு. அதுக்குத்தான் அம்மாகிட்ட மதினி மதினின்னு கொஞ்சி ஜாமீன் கையெழுத்து. எல்லாம் இப்ப வரிசையா வந்து உக்காருது, சட்டி கைமாத்துற மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு. காதுக்குள்ள கொய்ங்குது. வெயில்தான், வெயில் இல்லை, ரெண்டும்தான். நான் என்ன செஞ்சேன்னா முதல்ல வாளித் தண்ணியைக் கீழ வாய்க்கால்ல ஊத்தினேன். அப்புறம் குதிகாலால வரப்பை மிதிச்சேன். ஒரு இடத்துல. களிமண்ணு விட்டுக்குடுத்துச்சு, தண்ணி அவசர அவசரமா கிளம்பி, பாத்தி மாத்திப் பாத்தி உடைச்சுக்கிட்டு, பின்பக்கமா ஊத்துச்சு. அந்தச் சத்தம் எவ்வளவு நல்லா இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன், குளிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் முட்டுக் குடுத்த இரும்புக் குழாய் ஒண்ணு மிச்சம் கிடந்துச்சு, அதைத் தூக்கிட்டு வந்து கம்பியில மாட்டி, உடம்பு முழுசும் சாய்ச்சு அமுக்கினேன். கம்பி முனகிக்கிட்டே எங்க கூரையைப் பார்த்து வளைஞ்சுச்சு. வேர்ல, கம்பி தளத்துக்குள்ள போற இடத்துல, பச்சைச் சிமெண்டு புட்டு மாதிரி உதிர்ந்துச்சு. ஒண்ணு. இன்னும் மூணு இருக்கு. ரெண்டாவதுல குழாயை மாட்டினேன்.

"ஏ புள்ள, வாய்க்காலுக்கும் சேர்த்து நீ தளம் போடுறியா? பின்னாடி பூராம் தண்ணி ஓடுது!" கீழ சேவுகன் கொத்தனார். சைக்கிளைச் சாய்ச்சு வச்சுட்டு ஏணியில ஏறி வர்றார், காதுல பென்சில், வாயில வெத்தலை. மேல வந்தவர் தளத்தைப் பார்த்தார். தண்ணி போன இடமெல்லாம் வெளுத்து வெளுத்து ஆவி கிளம்புது. என் கையில குழாயைப் பார்த்தார். வளைஞ்ச கம்பியைப் பார்த்தார். வெத்தலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கிட்டு, "குரங்கு வந்துச்சோ?"ன்னார். நல்ல மனுசன், எனக்கு ஒரு வழி விட்டார். "நான்தான்ணே"ன்னேன். "எதுக்கு?" "எதுக்கா? எங்க வீட்டு மேல நீட்டிக்கிட்டு நிக்கிது. நாளைக்கு எங்க தலை மேல வராண்டா இழுப்பாங்க, நாங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" அவர் அப்படியே குத்தவச்சு உக்கார்ந்துட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரான்னு தெரியாத ஒரு மூஞ்சி. "அடிப் பாவி மகளே. அது உங்க கம்பிடி."

எனக்கு விளங்கலை. "உங்க வீட்டுக்குத் தளம் போடறப்ப சேர்த்துக் கட்டத்தான்டி விட்டிருக்கேன். ராக்கக்கா அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லிருச்சு, 'சேவுகா, அந்தப் பக்கத்துத் தூணு ரெண்டையும் நம்ம பஞ்சு மதினி வீட்டுப் பாரத்துக்கும் சேர்த்துக் கனமா எழுப்பு'ன்னு. சுவத்தை இடிக்க உங்கம்மா சம்மதிச்சதே அதுக்குத்தானே. நாலு தூணுன்னாத்தான சங்கத்துல அடங்காதுன்னாங்க? இப்ப உங்களுக்கு அங்கிட்டு ரெண்டு எழுப்பினாப் போதும், இங்கிட்டு இந்தக் கம்பியில கட்டிக்கலாம். இந்நேரம் உங்கம்மா கூட்டத்துல அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கும். வாய்ப்பேச்சை நம்பமாட்டாங்கன்னு, சாரைக் கையோட கூட்டிட்டு வந்து கம்பியைக் காட்டுறேன்னுதான் ரெண்டும் போயிருக்குதுக. உன்கிட்ட சொல்லலையா?" சொல்ல வந்துச்சு. தேங்காண்ணெய் தடவிக்கிட்டே சொல்ல வந்துச்சு. நான் போர்வைக்குள்ள இருந்தேன். "மசமசன்னு நிக்காத, தண்ணி எடு!"ன்னு அவர் கத்தினதுக்கப்புறம்தான் கால் இருக்குறது தெரிஞ்சுச்சு.

ஓடினேன். ராக்கு அத்தை டிரம்முல அடி தெரியுது, எங்க வீட்டுக் குடத்தையும் அண்டாவையும் கவுத்தினேன், குடிக்க வச்சிருந்ததை எல்லாம். ஏணிக் குச்சி உள்ளங்கையில குத்துது. ஏறினேன், ஊத்தினேன், இறங்கினேன், ஏறினேன். இப்ப மட்டும் எப்படி ஓடுறேன்? இதே தளம்தான், இதே வெயில்தான். அவங்களுக்குன்னு இருந்தப்ப ஒரு வாளி மலையா இருந்துச்சு. எனக்குன்னு தெரிஞ்சதும் பறக்குறேன். அப்படித்தான் நான். சேவுகண்ணே வரப்பை ஒட்டிக்கிட்டே, உதிர்ந்த இடத்துல விரலை விட்டுப் பார்க்குறார். "அண்ணே, நிமித்திரலாமா?" "தொட்டன்னா கையை ஒடிப்பேன். இன்னும் பச்சையா இருக்கு, ஆட்ட ஆட்ட உள்ள விட்டுப்போகும். இறுகினப்புறம் இதை அறுத்துட்டுத் தொளை போட்டு வேற கம்பிதான் வைக்கணும். அது நிக்கும், நிக்காமப் போகாது. ஆனா சார் இன்னைக்கு வந்து பார்த்தார்னா..." சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஈரச் சாக்கை அது மேல போட்டுரு. மூணு தெரிஞ்சாப் போதும். அவருக்கு என்ன தெரியப்போகுது?"

சாக்கை நனைச்சுட்டேன். கையிலதான் இருக்கு, தண்ணி சொட்டுது. போட்டு மூடிட்டா யாருக்கும் தெரியாது, சார் தலையை ஆட்டுவார், எங்க வீட்டுக்குத் தளம் வந்துரும். அப்புறம் ஒரு நாள் ராக்கு அத்தைக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன சொல்வாங்கன்னு எனக்கு இப்பவே தெரியும். "போகுது, சின்னப் புள்ளை"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டாம். அவங்களுக்குத் தளம் கிடைச்சது மட்டும் இல்லை. தன் தளத்துலேர்ந்து நாலு கம்பியை அடுத்த வீட்டுக்கு நீட்டி விடுற மனசும் அவங்களுக்கே கிடைச்சிருக்கு. நான் அந்த இடத்துல இருந்தா விட்டிருக்கமாட்டேன். சத்தியமா விட்டிருக்கமாட்டேன். தளத்தையாவது கடன் வாங்கிப் போட்டுரலாம், இதுக்கு எந்தச் சங்கத்துல போய் நிக்கிறது? பொறாமை போயிரும்னு பார்த்தா, இடம் மாறி இன்னும் வசதியா உக்காருது. மன்னிச்சு வேற விட்டுட்டாங்கன்னா அந்தக் கடனை நான் எங்க போய் அடைப்பேன்? அவங்க என்னைத் திட்டணும். தெரு கேக்கத் திட்டணும், எங்கம்மா கூடச் சேர்ந்து திட்டணும். திட்டினாத்தான் அவங்களும் நானும் ஒரு மட்டத்துல நிப்போம்.

சந்துல பேச்சுச் சத்தம். எங்கம்மா குரல், அது யார்கிட்டயோ வேகமா எதையோ விளக்குது. சாரோட செருப்புச் சத்தம். ராக்கு அத்தை சிரிப்பு முன்னால வருது, ஆள் பின்னால வர்றாங்க. "போடுடி சாக்கை"ன்னு சேவுகண்ணே பல்லைக் கடிக்கிறார். கீழ ஏணியைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்குறாங்க. "நாகு, சார் வந்திருக்காருடி. தண்ணி நிக்குதா?"

"நிக்கலை அத்தை"ன்னேன். சாக்கை எங்க கூரை மேல வீசிட்டேன். "வரப்பை நான்தான் ஒடைச்சேன். உங்க கம்பின்னு நெனச்சு எங்க கம்பியில ஒண்ணை வளைச்சுட்டேன். மேல வாங்க. சாரையும் கூட்டிட்டு வாங்க."